“கேஸ் மாத்திரை”ன்னு ஒண்ணு கிடையாதுங்க: அல்சர், நெஞ்செரிச்சல் மருந்துங்க எப்படி வேலை செய்யுது

சேலம் அம்மாபேட்டையில ஒரு மெடிக்கல்ல 14 வருஷமா பார்மசிஸ்டா நிக்கிறேன். காலையில ஷட்டர் தூக்குன அரை மணி நேரத்துக்குள்ள யாராவது ஒருத்தர் வந்து “பாப்பா, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு”ம்பாங்க. எதுங்கன்னு கேட்டா “அதான், மஞ்சளா சின்னதா இருக்குமே”ம்பாங்க, அது பான்டோபிரசோல். அடுத்து வர்றவரும் கேஸ் மாத்திரைன்னு தான் கேப்பாரு, ஆனா பழைய ரேனிட்டிடின் அட்டையை நீட்டுவாரு. மூணாவது ஆளுக்கு கேஸ் மாத்திரைன்னா வாயில போட்டு மெல்லுற டைஜீன். இந்த மூணும் மூணு வேற மருந்துங்க, வேலை செய்யுற இடம் வேற, வேலை ஆரம்பிக்கிற நேரம் வேற, சாப்பிடுற முறை வேற. எல்லாத்துக்கும் ஒரே பேரை வெச்சிட்டதால எல்லாத்தையும் ஒரே மாதிரி முழுங்குறாங்க, அப்புறம் “மாத்திரை கேக்கவே மாட்டேங்குது”ன்னு திரும்ப வர்றாங்க.

இதை நான் எழுதுறதுக்கு இன்னொரு காரணம் எங்கப்பா. அவரு தறிக்காரரு, குழித்தறியில உக்காந்து மிதிச்சு மிதிச்சு முட்டியும் இடுப்பும் போயிடுச்சு. வேலைக்குப் போற வழியில ஒரு கடையில உடம்பு வலிக்குன்னு கேட்டா ஒரு செட் மாத்திரை பிரிச்சுக் குடுப்பாங்க, அதை நாலு வருஷமா வாரத்துல நாலஞ்சு நாள் போட்டுட்டு இருந்திருக்காரு. வயிறு எரிஞ்சா ராத்திரி ஒரு டம்ளர் பால். 2019 தை மாசத்துல ஒரு நாள் விடிகாலையில பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்துட்டாரு. ரெண்டு நாளா தார் மாதிரி கருப்பா வெளிக்குப் போயிருக்கு, கீரை சாப்பிட்டதால இருக்கும்னு யார்கிட்டயும் சொல்லல. பெரியாஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க, டியூப் விட்டுப் பாத்தா இரைப்பையைத் தாண்டுன உடனே வர்ற முன்சிறுகுடல்ல புண்ணு, அதுல இருந்து ரத்தம் கசிஞ்சுட்டு இருந்துச்சு. மருந்துக் கடையில நிக்கிற பொண்ணு வீட்டுலயே இது நடந்துச்சு. அந்தக் கடையில அந்த நாலு வருஷத்துல ஒரு தடவையாவது “அய்யா, எத்தனை நாளா சாப்பிடுறீங்க”ன்னு கேட்டிருந்தா, நானும் வீட்டுல கேட்டிருந்தா, இது அந்த அளவுக்குப் போயிருக்காது. அதனால இப்ப எல்லார்கிட்டயும் கேக்குறேன், எல்லார்கிட்டயும் சொல்றேன்.

முதல்ல வயித்துல என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம், அது புரிஞ்சா மருந்து தானா புரியும். நம்ம இரைப்பை ஒரு நாளைக்கு சுமாரா 2 லிட்டர் செரிமான நீர் சுரக்குது, அதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கு, நல்லா காட்டமான ஆசிட், பிஹெச் அளவுல (எண்ணு குறையக் குறைய காட்டம் கூடும்) 1, 2 அந்த ரேஞ்சுல நிக்கும். எலுமிச்சம்பழச் சாறே 2 சுமாரு தான்னா பாத்துக்கோங்க. இவ்வளவு காட்டமா எதுக்குன்னா கறியையும் பருப்பையும் செரிக்க, சாப்பாட்டோட வர்ற கிருமியைக் கொல்ல. அப்ப அந்த ஆசிட் இரைப்பையோட சுவத்தையே ஏன் அரிக்கலன்னு கேட்டா, சுவத்து மேல வழவழன்னு ஒரு சளிப்படலம் இருக்கு, அதுக்குள்ள ஆப்பசோடா மாதிரியான பைகார்பனேட் இருக்கு, ஆசிட் சுவரைத் தொடுறதுக்கு முன்னாடியே அது முறிச்சுடும். அந்தப் படலத்தை உடம்பு நாள் முழுக்கப் புதுசு புதுசா பூசிக்கிட்டே இருக்கும். புண்ணு வர்றதுன்னா பெரும்பாலும் ஆசிட் கூடிப் போச்சுன்னு அர்த்தமில்லைங்க, இந்தப் பூச்சு எங்கியோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். நெஞ்செரிச்சல் கதை வேற, அங்க உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல இருக்குற வால்வு சரியா மூடாம ஆசிட் மேல எதுக்களிச்சு வருது, உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு கிடையாது, அதனால எரியுது.

ஆசிட் சுரக்குறது இரைப்பைச் சுவத்துல இருக்குற தனி செல்லுங்க. ஒவ்வொரு செல்லுலயும் குட்டிக் குட்டியா மோட்டார் மாதிரி இருக்கு, புரோட்டான் பம்புன்னு பேரு, அது தான் ஆசிடை இறைச்சு வெளிய ஊத்துது. அந்த மோட்டாரை ஓட வைக்க மூணு சுவிட்ச் இருக்கு: ஹிஸ்டமின், காஸ்ட்ரின், அப்புறம் நரம்பு வழியா வர்ற அசிடைல்கோலின். சாப்பாட்டு வாசனை வந்தாலே நரம்பு சுவிட்சு தட்டும், சாப்பாடு உள்ள விழுந்தா காஸ்ட்ரின் சுவிட்சு தட்டும், ஹிஸ்டமின் தான் மூணுல பெரிய சுவிட்சு. நம்ம வீட்டு போர் மோட்டாரை மனசுல வெச்சுக்கோங்க. தொட்டி நிரம்பி வழியுதுன்னா மூணு விதமா அதைச் சமாளிக்கலாம், வழிஞ்ச தண்ணியை அள்ளலாம், ஒரு சுவிட்சை அணைக்கலாம், இல்ல மோட்டாரையே மடக்கலாம். மூணு வகை மருந்தும் இது தான்.

அள்ளுற வகை தான் ஆன்டாசிட், ஜெலுசில், டைஜீன், ஈனோ எல்லாம். ஏற்கனவே வயித்துல இருக்குற ஆசிடை முறிக்கும், அவ்வளவு தான், புதுசா சுரக்குறதை நிறுத்தாது. அதனால அஞ்சு பத்து நிமிஷத்துல ஆறுதல் கிடைக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல திரும்ப எரியும். சாப்பிட்ட பிறகு எடுத்தா கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கும், ஏன்னா சாப்பாடு உள்ள இருக்குறப்ப மருந்து சீக்கிரம் கீழ இறங்கிடாது. இந்த ஜெல்லுல அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேத்து இருக்கும், அலுமினியம் மலச்சிக்கல் பண்ணும், மெக்னீசியம் வயித்தால போக வைக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டத் தான் சேத்து வெச்சிருக்காங்க. கிட்னி பிரச்சினை இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம இதைக் குடிக்கவே கூடாது, அந்த அலுமினியமும் மெக்னீசியமும் உடம்புல தங்கிடும். ஈனோவுல சோடியம் இருக்கு, பிரஷர்காரங்க தினமும் கலக்கிக் குடிக்கிறது நல்லதில்ல. இன்னொண்ணு, ஆன்டாசிட் மத்த மாத்திரைங்களைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது, இரும்புச்சத்து மாத்திரை, டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எல்லாம் ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடணும், தைராய்டு மாத்திரைன்னா 4 மணி நேரம்.

சுவிட்சை அணைக்கிற வகை ஹெச்2 பிளாக்கர், ஹிஸ்டமின் சுவிட்சை மட்டும் மூடும். இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக், கையில கிடைச்சதை எல்லாம் குடுத்துப் பாக்காம, ஹிஸ்டமின் எந்த பூட்டுல போய் உக்காருதோ அதே பூட்டுல பொருந்துற ஆனா திறக்காத ஒரு சாவியை செய்யணும்னு வருஷக்கணக்கா உக்காந்து செஞ்சாரு. சிமெடிடின்னு அந்த மருந்து 1976ல இங்கிலாந்துல வந்துச்சு, 1988ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுச்சு. அதுக்கு முன்னாடி அல்சர்னா வயித்தைக் கிழிச்சு இரைப்பையில ஒரு பங்கை வெட்டி எடுக்குறதும், ஆசிட் சுரக்கச் சொல்ற நரம்பை அறுக்குறதும் சாதாரணமா நடக்குற ஆபரேஷனுங்க. பழைய ஆளுங்க வயித்துல நெட்டுக்க ஒரு தழும்பு இருந்தா பல பேருக்கு அது அந்தக் காலத்து அல்சர் ஆபரேஷன் தான். சிமெடிடினுக்கு அப்புறம் வந்த ரேனிட்டிடின் நம்ம ஊருல வீட்டுக்கு வீடு இருந்துச்சு. ஆனா 2019ல அதுக்குள்ள என்டிஎம்ஏன்னு புத்துநோய் வர வாய்ப்பிருக்குற ஒரு கலப்பு இருக்குறது தெரிஞ்சுது, வெச்சிருக்க வெச்சிருக்க, அதுவும் சூட்டுல, அது கூடுதுன்னும் கண்டுபிடிச்சாங்க. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல மொத்தமா கடையில இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. இந்தியாவுல 2022ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, ஆனா கடையில கிடைக்குது. சேலத்து சித்திரை வெயில்ல தகரக் கூரை வீட்டு அலமாரியில ஒரு வருஷமா கிடக்குற அட்டையைத் தூக்கிப் போட்டுடுங்கன்னு தான் நான் சொல்லுவேன். இதே வகையில ஃபமோடிடின் இருக்கு, அதுல இந்தத் தொல்லை இல்ல. ராத்திரி எரிச்சலுக்கு ஹெச்2 வகை நல்லாவே வேலை செய்யும், அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கும். ஆனா தொடர்ந்து தினமும் போட்டா உடம்பு பழகிடும், ரெண்டு வாரத்துல பலன் குறைஞ்சிடும்.

இப்ப மோட்டாரையே மடக்குற வகை, பிபிஐன்னு சுருக்கமா சொல்லுவோம். ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ரேபிபிரசோல், எசோமிபிரசோல், வயித்து மருந்துங்கள்ல பேரு “பிரசோல்”னு முடிஞ்சா இந்தக் குடும்பம் தான். முதல்ல வந்தது ஒமிபிரசோல், 1988ல சுவீடன்ல. இதுல தான் எல்லாரும் தப்பு பண்றாங்க, அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

இந்த மாத்திரை நேரா வயித்துல போய் ஆசிடை முறிக்குதுன்னு நினைச்சா தப்பு. உண்மையில ஆசிட் பட்டாலே இந்த மருந்து கெட்டுப் போயிடும், அதனால தான் அது மேல ஆசிட்ல கரையாத ஒரு பூச்சு போட்டிருப்பாங்க. அது இரைப்பையைத் தாண்டி சிறுகுடலுக்குப் போய் அங்க கரைஞ்சு, ரத்தத்துல கலந்து, சுத்தி வந்து, பின்பக்கமா அந்த ஆசிட் சுரக்குற செல்லுக்குள்ள நுழையுது. அங்க மோட்டார் ஓடிட்டு இருந்தா, அந்த ஆசிட் பட்டு மருந்து உயிர் பெத்து மோட்டாரைக் கெட்டியா பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் அந்த மோட்டார் அவ்வளவு தான், உடம்பு புது மோட்டார் செஞ்சா தான் உண்டு. ஓடாம சும்மா கிடக்குற மோட்டாரை இதால பிடிக்க முடியாது. மருந்து ரத்தத்துல இருக்குறதோ ஒண்ணு ரெண்டு மணி நேரம் தான். அப்ப அந்த நேரத்துக்குள்ள மோட்டார் ஓடணும், மோட்டாரை ஓட வைக்கிறது சாப்பாடு.

இதனால தான் “காலையில வெறும் வயித்துல, சாப்பிடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி”ன்னு எழுதிக் குடுக்குறாங்க. ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்ததால காலையில புது மோட்டாருங்க நிறைய காத்துக்கிட்டு இருக்கும், மாத்திரை போட்டு அரை மணி கழிச்சு இட்லி உள்ள போனா எல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிக்கும், ரத்தத்துல மருந்தும் அப்ப தயாரா இருக்கும். இட்லி சாப்பிட்டுட்டு போட்டா மருந்து வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். மாத்திரை போட்டுட்டு மதியம் வரைக்கும் ஒண்ணுமே சாப்பிடாம தறியிலயோ பட்டறையிலயோ உக்காந்துட்டாலும் அதே நஷ்டம் தான், இதை யாரும் சொல்றதில்ல, அரை மணி முன்னாடிங்கிறதுல சாப்பாடும் ஒரு பாதி. செவ்வாப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை பாக்குற ஒரு அண்ணன் ரெண்டு மாசமா பான் 40, அதாவது பான்டோபிரசோல், போட்டும் கேக்கலன்னு வந்தாரு, விசாரிச்சா காலையில மாத்திரை, அப்புறம் டீ மட்டும், சாப்பாடு பன்னெண்டு மணிக்கு. மாத்திரையை மாத்தல, டோஸ் கூட்டல, நேரத்தை மட்டும் மாத்திக்கச் சொன்னேன், பத்து நாள்ல அவரே வந்து சொன்னாரு.

இன்னொரு தப்பு, எரியுறப்ப மட்டும் ஒண்ணு போடுறது. ஒரு நாள் மாத்திரையில எல்லா மோட்டாரும் மாட்டாது, முழு பலன் தெரிய மூணுல இருந்து அஞ்சு நாள் ஆகும். “இப்ப எரியுது, இப்பவே நிக்கணும்”னா அதுக்கு ஆன்டாசிட், பிபிஐ இல்ல. முழுங்க முடியலன்னு மாத்திரையை நுணுக்கித் தேன்ல குழைச்சுக் குடுக்குறவங்களும் இருக்காங்க, வயசானவங்களுக்கு ஆசையா தான் குடுக்குறாங்க, ஆனா நுணுக்குனா அந்த மேல் பூச்சு போயிடும், மருந்து ஆசிட்ல பாழாயிடும். முழுங்க முடியாதவங்களுக்குன்னு வேற வடிவம் இருக்கு, கேளுங்க.

சரி, புண்ணு ஏன் வருது? தட்டுவடை செட்டா? அந்தக் கார சட்னியா? சேலத்துக்காரங்க எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கு. காரம் ஏற்கனவே இருக்குற புண்ணை எரிய வைக்கும், நெஞ்செரிச்சல்காரங்களுக்குத் தொல்லை குடுக்கும், ஆனா புண்ணை உண்டாக்குறது அது இல்ல. ஏற்காட்டுக் காப்பியும் அப்படித் தான். நேரத்துக்குச் சாப்பிடலன்னா வலி கூடலாம், ஆனா அதையே முழுக் காரணமா நினைச்சுக்கிட்டு உண்மையான காரணத்தைத் தேடாம விட்டுடுறோம். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ரெண்டே ரெண்டு, ஒண்ணு வலி மாத்திரை, இன்னொண்ணு ஒரு கிருமி. எங்கப்பாவுக்கு ரெண்டும் இருந்துச்சு.

வலி மாத்திரைன்னா டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நேப்ராக்சன், ஆஸ்பிரின் இந்தக் கூட்டம். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குற புரோஸ்டாகிளான்டின்ங்கிற பொருளை உடம்பு செய்ய விடாம இவை தடுக்குது. ஆனா இரைப்பையில அந்தச் சளிப்பூச்சைப் பூசச் சொல்றதும் அதே புரோஸ்டாகிளான்டின் தான். முட்டி வலியை நிறுத்துறப்ப பூச்சு வேலையும் சேந்து நின்னு போகுது. இது ரத்தத்து வழியா நடக்குற வேலை, அதனால “வெறும் வயித்துல போடல, சாப்பிட்டுத் தான் போடுறேன்”னா வயித்துக் குமட்டல் கொஞ்சம் குறையலாம், புண்ணு வராதுன்னு சொல்ல முடியாது. ஊசியா போட்டாலும் இதே தான். பாராசிட்டமால் இந்தக் கூட்டத்துல சேராது, அளவோட போட்டா வயித்துக்கு அது சாது. செட் மாத்திரையில பல சமயம் டைக்ளோவோட ஒரு ஸ்டீராய்டும் இருக்கும், ரெண்டும் சேந்தா ரத்தக் கசிவு அபாயம் இன்னும் கூடும். வயசு 65க்கு மேல, முன்னாடியே அல்சர் வந்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, இவங்களுக்கெல்லாம் வலி மாத்திரை கட்டாயம் வேணும்னா கூடவே ஒரு பிபிஐ எழுதித் தரணும், எழுதலன்னா நீங்களே கேக்கலாம், கேக்குறதுல தப்பில்ல. ஆனா ஒண்ணு, இதய அடைப்புக்காக சின்ன டோஸ் ஆஸ்பிரின் போடுறவங்க இதைப் படிச்சிட்டு பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற பெரிய ஆபத்து, டாக்டர்கிட்ட பேசி வயித்துக்குப் பாதுகாப்பு மாத்திரையைச் சேத்துக்கோங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற குளோபிடோக்ரெல் சாப்பிடுறவங்களுக்கு ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் அதோட வேலையைக் குறைக்கும், பான்டோபிரசோல் அந்த விஷயத்துல பரவாயில்ல, அதனால பக்கத்து வீட்டு அட்டையை வாங்கிப் போடாதீங்க.

காப்பி சீசன்ல ஏற்காட்டுல இருந்து எஸ்டேட் அக்காங்க வருவாங்க, கார்த்திகையில இருந்து தை வரைக்கும் சரிவுல நின்னு பழம் பறிச்சு மூட்டை தூக்கி இடுப்பு முறிஞ்சு போய் வருவாங்க. “ஒரு மாசத்துக்குச் சேத்துக் குடு கண்ணு, அடிக்கடி கீழ இறங்க முடியாது”ன்னு கேப்பாங்க. எனக்கு அப்ப மனசு கஷ்டமாயிடும், ஏன்னா அவங்க வலியும் நிஜம், பஸ் செலவும் நிஜம். ஆனா ராத்திரி நேரத்துல மலை மேல ரத்த வாந்தி எடுத்தா அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கித் தான் சேலம் வரணும். அதனால ஒரு மாசத்துக்கு டைக்ளோ குடுக்க மாட்டேன், பாராசிட்டமாலும் மேல தடவுற ஜெல்லும் குடுத்து, டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாங்கக்கான்னு அனுப்புவேன். சில பேர் கோச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போவாங்க.

ரெண்டாவது காரணமான கிருமி, ஹெலிகோபேக்டர் பைலோரி. இவ்வளவு ஆசிட்ல எந்தக் கிருமியும் உயிரோட இருக்க முடியாதுன்னு தான் உலகமே நம்பிட்டு இருந்துச்சு. ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊருல ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு டாக்டருங்க இரைப்பைச் சதையில சுருள் சுருளா ஒரு கிருமியைப் பாத்துட்டு அதை வளக்கப் படாதபாடு பட்டாங்க, வளரவே இல்ல. 1982ல ஈஸ்டர் லீவு வந்ததால தட்டுங்களை வழக்கமான நாளைத் தாண்டி அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, வந்து பாத்தா வளந்திருக்கு, அது மெதுவா வளர்ற கிருமி, அவ்வளவு தான் விஷயம். அப்பவும் யாரும் நம்பல. 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடிச்சாரு, சில நாள்ல வாந்தி, இரைப்பை வீங்கிப் போயிருந்துச்சு. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுச்சு. அந்தக் கிருமி எப்படி தாக்குப் பிடிக்குதுன்னா, யூரியாவை உடைச்சு அம்மோனியாவாக்கித் தன்னைச் சுத்தி மட்டும் ஆசிடை முறிச்சுக்கிட்டு, சளிப்பூச்சுக்குள்ள புதைஞ்சு உக்காந்துக்குது. இந்த ஊரு மக்கள்ல நிறைய பேர் வயித்துல சின்ன வயசுலயே இது குடியேறி இருக்கும், எல்லாருக்கும் புண்ணு வராது, சில பேருக்கு வரும், சில பேருக்குப் பல வருஷம் கழிச்சு இரைப்பைப் புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும்.

இந்தக் கிருமி இருக்குறவங்க வெறும் பிபிஐ மட்டும் போட்டா புண்ணு ஆறும், நிறுத்துனா திரும்ப வரும், வருஷா வருஷம் இதே கதை. கிருமியைக் கொன்னா தான் தீரும். அதுக்கு பிபிஐயோட ரெண்டு ஆன்டிபயாட்டிக் சேத்து, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மாதிரி, 14 நாள் தருவாங்க. கிளாரித்ரோமைசினுக்கு இந்தக் கிருமி பல இடத்துல மசியறதில்லைங்கிறதால பிஸ்மத் சேத்த நாலு மருந்து முறையும் குடுக்குறாங்க. மாத்திரை எண்ணிக்கை நிறைய, வாய் கசக்கும், வயித்தால போகும், பிஸ்மத் சாப்பிட்டா நாக்கும் மலமும் கருப்பாகும், அதைப் பாத்து பயந்துக்க வேணாம். அதுல மெட்ரோனிடசோல் இருந்தா அந்த நாளுங்கள்ல சாராயம், பீர் எதுவும் ஆகாது. அஞ்சாவது நாள் வயிறு லேசாயிட்டுன்னு நிறுத்துறவங்க தான் அதிகம், அப்படி நிறுத்துனா மிச்சம் இருக்குற கிருமி மருந்துக்குப் பழகிடும், அடுத்த தடவை அதே மருந்து கேக்காது. தயவுசெஞ்சு 14 நாளும் முடிங்க.

கிருமி இருக்கான்னு பாக்க ஊதிப் பாக்குற யூரியா டெஸ்ட், மலத்துல பாக்குற டெஸ்ட், டியூப் விட்டுச் சதை எடுத்துப் பாக்குறதுன்னு வழி இருக்கு. ஊதுறதுக்கும் மல டெஸ்ட்டுக்கும் முன்னாடி ரெண்டு வாரம் பிபிஐ நிறுத்தியிருக்கணும், ஆன்டிபயாட்டிக் நிறுத்தி 4 வாரம் ஆகியிருக்கணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டிடும். நிறுத்தலாமான்னு டாக்டர் சொல்லணும், ரத்தம் கசிஞ்சவங்க நீங்களா நிறுத்தக் கூடாது. சிகிச்சை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஒரு டெஸ்ட் எடுக்கணும், இதைத் தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

மிச்ச மருந்துங்களைச் சுருக்கமா சொல்லிடுறேன். சுக்ரால்ஃபேட்னு வெள்ளையா ஒரு சிரப், அது ஆசிடைக் குறைக்காது, புண்ணு மேல பசை மாதிரி ஒட்டிக்கும், வெறும் வயித்துல குடிக்கணும், மத்த மாத்திரைங்களோட சேத்துக் குடிக்கக் கூடாது. மிசோபிராஸ்டால் அந்த இல்லாமப் போன புரோஸ்டாகிளான்டினுக்கு மாத்தா வேலை செய்யும், ஆனா கர்ப்பப்பையைச் சுருக்கும், அதனால கர்ப்பமா இருக்குறவங்க தொடவே கூடாது. வோனோபிரசான்னு ஒண்ணு 2014ல ஜப்பான்ல அனுமதி வாங்குச்சு, இப்ப இங்கயும் வந்திருக்கு, அதுவும் மோட்டாரைத் தான் பிடிக்குது, ஆனா சாப்பாட்டுக்காகக் காத்திருக்காது, முதல் நாள்லயே வேகமா வேலை செய்யும். பான் டின்னு எல்லாரும் கேக்குறது பான்டோபிரசோலோட டோம்பெரிடோன் கலந்தது, அந்த டோம்பெரிடோன் குமட்டலுக்கும் வயிறு மெதுவா காலியாகுறதுக்கும் தான், இதயத் துடிப்பைக் குழப்பக் கூடியது, கிளாரித்ரோமைசினோட சேரவே கூடாது. வெறும் எரிச்சலுக்கு வயசானவங்க மாசக்கணக்கா அதைச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்ல. பால் குடிச்சா இதமா இருக்கும், கொஞ்ச நேரத்துல அதுல இருக்குற கால்சியமும் புரதமும் திரும்ப ஆசிடைச் சுரக்க வைக்கும், எங்கப்பா நாலு வருஷம் ராத்திரியில எழுந்து எழுந்து பால் குடிச்சது அதனால தான். பீடி, சிகரெட்டு புண்ணை ஆற விடாது.

பிபிஐயை எத்தனை நாள் போடலாம்னு கேக்குறாங்க. முன்சிறுகுடல் புண்ணுக்கு பொதுவா 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். இரைப்பைப் புண்ணுன்னா ஆறுன பிறகு திரும்ப ஒரு தடவை டியூப் விட்டுப் பாக்கச் சொல்லுவாங்க, அது புத்துநோய்ப் புண்ணு இல்லன்னு உறுதி பண்ண, பயந்துக்கிட்டுப் போகாம இருக்காதீங்க. சில பேர் வருஷக்கணக்கா சாப்பிட்டே ஆகணும், உணவுக்குழாய் நல்லா அரிச்சுப் போனவங்க, ஆஸ்பிரின் நிறுத்த முடியாதவங்க, அவங்களுக்கு இது உயிர் காக்குற மருந்து. காரணமே இல்லாம அட்டை அட்டையா சாப்பிடுறவங்களுக்குத் தான் சொல்றேன், நாள்பட்டா பி12, மெக்னீசியம், இரும்புச்சத்து குறையலாம், வயித்துப் போக்குக் கிருமி சுலபமா தொத்தும், எலும்பு முறிவு வாய்ப்பும் கொஞ்சம் கூடுதுன்னு பாத்திருக்காங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க பிபிஐ ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஆறெட்டு வாரத்துல டிஎஸ்ஹெச்ங்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் பாத்துக்கோங்க, டோஸ் மாத்த வேண்டி வரலாம்.

சில அறிகுறிக்கு மாத்திரை தேடி மெடிக்கலுக்கு வரவே கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, நாத்தமா வெளிக்குப் போறது, ரத்த வாந்தி, இல்ல காப்பித்தூள் மாதிரி வாந்தி, திடீர்னு கத்தி குத்துன மாதிரி வயித்து வலி வந்து வயிறு பலகை மாதிரி கெட்டியாகுறது. முழுங்குறப்ப தொண்டையில நெஞ்சுல நிக்கிறது, காரணமில்லாம உடம்பு இளைக்கிறது, ரத்தம் குறைஞ்சு வெளுத்துப் போறது, இதெல்லாம் அந்த வாரத்துக்குள்ள டாக்டரைப் பாக்கணும். நெஞ்சு நடுவுல இறுக்கிப் பிடிச்சு, வேர்த்து ஊத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி போச்சுன்னா அது கேஸ் இல்ல, சோடா குடிச்சு ஏப்பம் வருதான்னு பாக்குற நேரமும் இல்ல, 108க்கு அடிங்க. சக்கரைக்காரங்களுக்கு வலியே இல்லாம வெறும் வயித்துப் பொருமல், மூச்சு வாங்குறது மாதிரியும் மாரடைப்பு வரும். ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு “ஒரு ஈனோ குடும்மா”ன்னு வந்த ஒருத்தரை நான் கடையில உக்கார வெச்சு ஆட்டோ பிடிச்சு அனுப்பினேன், அது அட்டாக் தான்.

எங்கப்பாவுக்கு டியூப் விட்டப்ப எடுத்த சதையில கிருமி இருக்குன்னு வந்துச்சு. 14 நாள் மாத்திரையை நான் ஒவ்வொரு வேளையும் கையில எடுத்துக் குடுத்தேன், அப்புறம் எட்டு வாரம் வரைக்கும் பிபிஐ, காலையில ஆறு மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு ரெண்டு இட்லியாவது. நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு ஊதிப் பாத்தோம், கிருமி இல்ல. ஆனா நிறுத்துன முதல் வாரம் நெஞ்சு அப்படி எரிஞ்சுச்சு, அவரு புண்ணு திரும்ப வந்துடுச்சுன்னு பயந்துட்டாரு. அது புண்ணு இல்ல, ரெண்டு மாசமா மோட்டாரை மடக்கி வெச்சிருந்ததால உடம்பு காஸ்ட்ரினைக் கூட்டி வெச்சிருக்கும், மருந்தை எடுத்தவுடனே தேக்கி வெச்ச மாதிரி ஆசிட் பாயும், கொஞ்ச நாள்ல தானா அடங்கும். நிறைய பேர் இந்த எரிச்சலைப் பாத்து தான் “எனக்கு மாத்திரை இல்லாம முடியாது”ன்னு வருஷக்கணக்கா ஒட்டிக்கிறாங்க. டாக்டரைக் கேட்டோம், ராத்திரி சாப்பிட்ட பிறகு ரெண்டு ஸ்பூன் ஆன்டாசிட் மட்டும் குடுங்கன்னாரு, படுக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை முடிச்சு, கட்டில்ல தலைமாட்டுப் பக்கம் ரெண்டு கால்லயும் செங்கல் வெச்சு உசத்துனோம். மூணாவது வாரம் ஜெல் பாட்டில் பாதியில நின்னு போச்சு. முட்டிக்கு இப்பவும் வலி இருக்கு, பிசியோதெரபியும் பாராசிட்டமாலும் தான், மத்தியானம் ஒரு மணி நேரம் தறியை விட்டு எழுந்து நடக்குறாரு.